துப்பட்டாவில் கட்டிய கேக்

தங்கை சிறுசேரி ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்ய ஆரம்பித்ததிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை. "இந்தக் கல்யாண கேக் மட்டும் சொதப்பிச்சுன்னா பேசாம ஆபீசுக்கே திரும்பிப் போயிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். தங்கையும் தலையாட்டித் தொலைத்தாள். அவளுக்கு வந்த முதல் ஆர்டர் அது. மூன்று அடுக்கு கேக், முடிச்சூரில் வரவேற்பு.

மாடம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் கொண்டுபோகும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவளுக்கு இதுகூடத் தெரியாதா? அடிப்பலகையை என் துப்பட்டாவால் சீட்டோடு இறுக்கிக் கட்டி, "இனிமே அசையாது பாரு" என்று பீற்றிக்கொண்டேன்.

தெருமுனையிலேயே பிரேக். அடி அடுக்கு ஆட்டோவோடு சமர்த்தாக நின்றது. மேல் அடுக்கு மட்டும் தன் பாட்டுக்கு ஒரு விரல் அகலம் முன்னால் போய்விட்டது. "ஐயோ!" என்றாள் தங்கை. எனக்கு வந்ததே கோபம், என் மேல்தான்! வருஷா வருஷம் நிலைமம், நிலைமம் என்று போர்டில் எழுதித் தள்ளுகிறேன். கட்டாத அடுக்கு நிற்காது என்பது மண்டையில் ஏறவில்லையே.

"அண்ணா, ஒரே வேகத்துல போங்க. பிரேக் மட்டும் போடாதீங்க!" என்றேன்.

"இன்னா மேடம், தாம்பரத்துல பிரேக் போடாம போறதா? ரயில்லதான் போவணும்" என்று சிரித்தார் ஆட்டோக்காரர்.

துப்பட்டாவை அவிழ்த்துவிட்டுப் பலகையைக் கைகளில் ஏந்திக்கொண்டேன். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையையும் பந்தோடு சேர்த்து இழுத்துக்கொள்வோமே, அதே கதைதான். உந்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் அடி பலமாக விழாது. அவர் "மேடம், பிரேக்கு!" என்று குரல் கொடுப்பார். நான் கைகளை மெல்ல முன்னால் விட்டுக் கேக்கை நிற்கவைப்பேன். மேம்பாலம் தாண்டியும் அது அசையவில்லை.

முடிச்சூர் சாலையில் குறுக்கே ஒரு எருமை வந்தது. குரல் கொடுக்க அவருக்கு நேரமில்லை. கேக்கோடு கை போனது, கையோடு நானும் போனேன். முன்கம்பியில் நெற்றி ணங்கென்று மோதியது. தங்கை முதலில் கேக்கைத்தான் பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

அது புதிதாக எங்கும் அசையவில்லை. மண்டபத்தில், தெருமுனையில் விலகிய மேல் அடுக்கை மட்டும் தங்கை நகர்த்தி, கிரீம் பூசிச் சரிசெய்துவிட்டாள். மணமக்கள் வெட்டி முடித்ததும் பெண்ணின் அம்மா அவளைத் தேடிவந்து, "சின்னவ நிச்சயத்துக்கும் நீயே செஞ்சுடும்மா" என்றார்.

தங்கை உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அம்மா பதறிப்போனாள்.

"விழுந்துடுச்சா? போனா போவுது, விடுடி. அழாத. அடுத்த கேக்கை நானே மடியில வச்சுக் கொண்டாரேன்."