கதவுக்கடியில் கிடந்த கடிதங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருந்த நாங்கள், பெட்டாலிங் ஜெயாவில் புதிதாகக் கட்டிய கொண்டோ அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினோம். சாவி கைக்கு வந்த மறு வாரமே அப்பா தவறிவிட்டார். முதலாண்டுத் திவசம் முடியாமல் பால் காய்ச்சக் கூடாது, அதுவரை யாரும் உள்ளே காலெடுத்து வைக்கவும் கூடாது என்று பூட்டிவிட்டேன். மனைவிக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. எனக்குத்தான்.

நடுவில் ஒருநாள் வீடு கட்டிய கம்பெனியிலிருந்து போன். ஏதோ குழாய் பார்க்க வேண்டும், சாவி கிடைக்குமா என்றார்கள். துக்கத்தில் இருக்கிறோம், இப்போது முடியாது என்று வைத்துவிட்டேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மடையன்.

திவசம் முடிந்தும் நல்ல நாள் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை வீட்டைக் கூட்டலாம் என்று போய்க் கதவைத் திறந்தால், அடியில் தள்ளிவிட்ட கடிதங்கள் கிடந்தன. எல்லாம் கீழ்வீட்டுக்காரர் எழுதியவை. மேல்மாடிகளின் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கள் குளியலறைச் சுவருக்குள் விரிசல் விட்டு, அவர்கள் அறையில் ஒழுகுகிறது. எங்கள் பக்கமிருந்துதான் உடைத்துச் சரிசெய்ய முடியும். சாவி கொடுத்ததிலிருந்து கம்பெனி இலவசமாகப் பழுதுபார்க்கும் பதினெட்டு மாதம் வரும் சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் வீடு திறக்காவிட்டால் புகாரையே மூடிவிடுவார்களாம்.

கீழே ஓடினேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தார். படுக்கையறைக் கூரை முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. குழந்தைக்கு மூச்சிரைப்பு என்பதால் தொட்டிலை அடுப்படியில் போட்டிருந்தார்கள். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. எங்கள் வீட்டுத் துக்கத்தைக் கம்பெனியில் சொல்லியிருந்தார்களாம்.

“காரியமெல்லாம் நீங்க நல்லா பண்ணுங்க அண்ணே. சாவி மட்டும் அன்னிக்கே குடுத்திருந்தா போதும்லா,” என்றார்.

அன்றிரவு தூக்கமே இல்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கம்பெனி வாசலில் காத்திருந்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மேற்பார்வையாளர் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு, ஆள் அனுப்பும்வரை நகர மாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

சனிக்கிழமை காலை பூட்ஸ் காலோடு நான்கு பேர் உள்ளே நுழைந்தார்கள். பால் காய்ச்சலையே, பரவாயில்லையா என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். உடைக்கட்டும் என்றேன்.

அப்பாவுக்குச் செய்யும் மரியாதை என்று நான் பூட்டிவைத்த வீட்டுக்குக் கீழே ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறியிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் முதல் போனுக்கே சாவியைத் தூக்கிக் கொடுத்திருப்பார் என்பதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது.