இருட்டு வேண்டிய நெல்

புளியறையில் நான் குத்தகைக்கு எடுத்திருந்த வயல் கேரளாவுக்குப் போகும் சாலையை ஒட்டி இருந்தது. வயலுக்கு முன்னால், சாலையோரத்தில், வயலின் சொந்தக்காரர்களுடைய சாப்பாட்டுக் கடை. கார்த்திகையும் மார்கழியும் சபரிமலை வேன்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டு அந்த வழியாகத்தான் போகும். அந்த இரண்டு மாதத்துக்காகப் பந்தலை முன்பக்கம் நீட்டிக் கடையைப் பெரிதாக்குவார்கள். சொந்தக்காரர்கள் ஒரு கணவனும் மனைவியும்; கடையையும் வயலையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அவரை அண்ணாச்சி என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அக்காவுக்கு நான் கூட்டம் இருக்கும்போது மேடம், இல்லாதபோது ஏட்டி.

என் ஆராய்ச்சி, நெல் பூக்கும் காலம் பற்றியது. சில நெல் விதைத்த நாளிலிருந்து கணக்கு வைத்துக் கதிர் தள்ளும். சில நெல், எப்போது விதைத்தாலும், இரவு நீளும் வரை பொறுத்திருக்கும். எங்கள் பக்கத்தில் ஆடிக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அந்த ஒரு மணி நேரம் இந்தச் செடிகளுக்குப் போதும். இரவை அளக்க உதவுகிற மரபணுக்களில் முக்கியமான ஒன்று சிதைந்திருந்தால், செடி இரவைப் பொருட்படுத்தாமல் பூத்துவிடும். இந்த இரண்டு வகையையும் கலந்து, அந்தக் கலப்பின் பேரக்குழந்தைகளை நட்டிருந்தேன். செய்ய வேண்டியவை மூன்று: ஒவ்வொரு செடியும் கதிர் தள்ளும் நாளைக் குறிப்பது, இலைத் துண்டு எடுத்து மரபணுவைப் பார்ப்பது, விதை எடுப்பது. மூன்றாவதில்தான் பயம். கையிலிருந்த விதை முழுவதையும் அந்த வயலில் போட்டிருந்தேன். மாசியில் வாய்க்காலில் தண்ணீர் மெலிந்துவிடும். அதற்குள் கதிர் வந்து பால் பிடிக்காத செடிக்கு விதை இல்லை.

மார்கழி பிறந்தபோது வயலில் பாதி ஒழுங்காகக் கதிர் தள்ளியிருந்தது. கடைப் பக்கத்துப் பாதி பச்சையாகவே நின்றது. அதற்குள் அங்கொன்று இங்கொன்றாகச் சில செடிகள் மட்டும் கதிரோடு. ஏன் என்று காரணங்களை எழுதிப் பார்த்தேன். கடைக் கழிவுநீர் கசிந்து செடிகள் கொழுத்திருக்கலாம். உரம் அந்தப் பக்கம் கூடியிருக்கலாம். நடும்போது விதைப் பைகள் மாறியிருக்கலாம். மண்ணை எடுத்துப் பார்த்தேன், உரம் போட்ட ஆளிடம் கேட்டேன், வரிசை எண்களைச் சரிபார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

பிறகு வரப்பில் ஏறி நின்று, பூக்காத செடிகள் நின்ற இடத்தைக் கண்ணால் கோடு போட்டுப் பார்த்தேன். கடையின் பின்பக்கத்தில் குறுகலாகத் தொடங்கி, வயலின் நடுவரை விசிறி போல விரிந்திருந்தது. என் வரிசைகள் எல்லாம் நேர்கோடுகள். ஒரு குடும்பத்துச் செடிகள் ஒரே வரிசையில் நிற்கும். மரபணு காரணமாக இருந்தால் தாமதமும் ஒரு வரிசையின் நீளம் முழுக்க ஒன்றுபோல இருக்க வேண்டும். அது வரிசைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

தினமும் காலையில் தென்காசியிலிருந்து வந்து மதியப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அன்று குற்றாலத்தில் வெள்ளம், அருவியில் குளிக்கத் தடை. வேன்கள் எல்லாம் நேரே வந்து செங்கோட்டையில் அடைத்துக்கொண்டன. பஸ் வரவில்லை. பொழுது சாயும் வரை கடையில் இருந்தேன். இருட்டத் தொடங்கியதும் அண்ணாச்சி ஒரு சுவிட்சைப் போட்டார். சாலைப் பக்கம் ஒரு ஃபோகஸ் லைட் எரிந்தது. பந்தலின் பின்காலில் கட்டியிருந்த இன்னொன்று வயலைப் பார்த்து எரிந்தது. வெளிச்சம் நான் பகலில் போட்ட கோட்டில் போய் நின்றது.

“இது எப்பம் போட்டது அண்ணாச்சி?”

“ஐப்பசியிலேயே போட்டாச்சுல்லா. மழைக்குப் பன்னி மலையில இருந்து எறங்கிரும். ஒங்க நெல்லு சாதா நெல்லா? அதான் விடிய விடிய எரியட்டும்னு விட்டுட்டேன். ஒரு பன்னி எட்டிப் பாத்துச்சா, சொல்லுங்க.”

அவர் முகத்தில் அத்தனை திருப்தி. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. “அந்த லைட்டுனாலதான் இந்தப் பக்கம் கதிர் வரல அண்ணாச்சி.”

“நெல்லுக்குக் கண்ணு இருக்கா?”

“கண்ணு இல்ல. ஆனா ராத்திரி எவ்வளவு நீளம்னு அதுக்குத் தெரியும். லைட்டு எரிஞ்சா ராத்திரியே வரலன்னு நெனைச்சிக்கிட்டு நிக்கும்.”

தோசைக் கல்லிலிருந்து அக்கா திரும்பினார். “எனக்குந்தான் அந்த லைட்டுல ஒறக்கம் வரமாட்டேங்குது. நான் சொன்னா கேக்கல. நெல்லு சொன்னாலாவது கேளுங்க.”

“அணைச்சிருதேன். அப்புறம் பன்னிக்கு மேடம் வந்து பாடம் எடுப்பாங்களா?” என்றார் அண்ணாச்சி. சிரித்தாலும் அவர் கேட்டது சரியான கேள்விதான்.

மறுநாள் என் வழிகாட்டியான பேராசிரியை போனில், “வெளிச்சம் பட்டதை விட்டுரும்மா, மீதியை மட்டும் எழுது” என்றார். பூத்த நாள் கணக்குக்கு அது சரி. ஆனால் அந்த விசிறிக்குள் பாதி வயல் இருந்தது. அதற்குள் கதிர் தள்ளியிருந்த செடிகளை வரிசை வரிசையாக எண்ணினேன். ஏறக்குறைய நாலில் ஒன்று. சிதைந்த மரபணுவை அப்பா, அம்மா இருவர் பக்கமிருந்தும் பெற்ற செடிகள் அந்த விகிதத்தில்தான் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பூத்தவை இரவை அளக்காதவை, நிற்பவை அளப்பவை. இருட்டான பாதியில் இரண்டும் கொஞ்சம் முன்பின்னாகப் பூத்து ஒன்றோடொன்று குழம்பியிருந்தன. இங்கே தெளிவாகப் பிரிந்து நின்றன. விளக்கை அணைத்தால் நிற்பவையும் பூக்கும். அதற்குமுன் அடையாளம் வைக்க வேண்டும்.

கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே பொதியாக இருந்த சில செடிகள் அதை வெளியே தள்ளட்டும் என்று விளக்கைச் சில நாள் விட்டுவைத்தேன். அந்த நாள்கள் எனக்கு நிம்மதியாகப் போகவில்லை. விளக்கு எரியும் ஒவ்வொரு நாளும் நிற்கிற செடிகளை மாசிப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பூத்தவற்றுக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டி முடித்த அன்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஏணி வைத்து ஏறி விளக்கைக் கழற்றினார்.

பன்றிக்கு அக்கா வழி சொன்னார். “சேலை கட்டுவோம். காத்துல ஆடுனா ஆள் நிக்குதுன்னு வராது.”

“ஒன் சேலையப் பாத்தா பன்னி மட்டுமா, வேன்காரனும் நிக்க மாட்டான்.”

“எல்லாம் நீங்க எடுத்துத் தந்த சேலைதான்.”

அண்ணாச்சி கம்பு வெட்டப் போனார். அக்காவின் பழைய சேலைகள், பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கியவை, எங்கள் வீட்டிலிருந்து நான் கொண்டுபோனவை எல்லாவற்றையும் கம்பு ஊன்றி வயலைச் சுற்றிக் கட்டினோம். நடந்து போக ஒரு மூலையில் மட்டும் வழி விட்டோம்.

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் போனபோது அந்த மூலை உழுததுபோலக் கிடந்தது. சில வரிசைகள் வேரோடு புரண்டிருந்தன. சேற்றில் சிவப்பு நூல்கள் தெரிந்தன. அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். “நாம நடக்க வழி விட்டோம். அதுவும் அந்த வழியா நடந்து வந்திருக்கு.”

“லைட்ட திரும்பக் கெட்டிரட்டா?” என்றார் அண்ணாச்சி. இந்த முறை கேலி இல்லை.

மீதி வயலைப் பார்த்தேன். அணைத்த பிறகு செடிகளுக்குள் ஏதாவது தொடங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. தொடங்கியிருந்தால் சில இரவு வெளிச்சமே அதைக் கெடுத்துவிடும்.

“வேண்டாம் அண்ணாச்சி.”

“திரும்ப வந்தா?”

“வந்தா போனது போகட்டும். லைட்டு போட்டா எல்லாமே போயிரும்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வழியையும் ஒரு சேலையால் மூடினோம். அதன்பின் அதன் கரையைத் தூக்கிக் குனிந்துதான் உள்ளே போய்வந்தோம். அண்ணாச்சி தன் கட்டிலைப் பந்தலின் பின்பக்கம் மாற்றிக்கொண்டு, பக்கத்தில் ஒரு காலி எண்ணெய் டின்னும் அதைத் தட்ட ஒரு குச்சியும் வைத்துக்கொண்டார். பன்றிகள் பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் வயலுக்கு வரவில்லை.

தைப் பொங்கலோடு வேன்கள் நின்றன. முன்பக்கம் நீட்டிய பந்தலைப் பிரித்தார்கள். விசிறிக்குள் நூல் கட்டாத செடிகள் பச்சையாகவே நின்றன. தை பாதியில் ஒரு செடியின் தண்டு லேசாகப் புடைத்ததுபோல் இருந்தது. அதை வெட்டி நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே விரல் நுனி அளவில் வெள்ளையாக ஒரு கதிர். வரப்பில் உட்கார்ந்து மற்றத் தண்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மாசி பிறக்கும் நேரத்தில் விசிறி முழுக்கக் கதிர் வெளியே வந்துவிட்டது.

வாய்க்கால் அதற்குள் மெலிந்துவிட்டது. அண்ணாச்சி கடைக் கிணற்று மோட்டாருக்குக் குழாய் இணைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சினார். நான் முன்பகலில் போய்ப் பூ விரிவதைப் பார்ப்பேன். அப்புறம் காத்திருப்பேன்.

ஒருநாள் பன்றி மூலைக்குப் பக்கத்திலிருந்த வரிசையில் ஒரு மணியை நகத்தால் நசுக்கினேன். பால் வந்தது. அடுத்த செடியிலும் வந்தது. வரிசையின் கடைசிவரை போனேன். அக்காவைக் கூப்பிட்டு விரலைக் காட்டினேன்.

அக்கா என் நகத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து தென்னை உச்சிகளைப் பார்த்தார்.

“சரிட்டி. பால் புடிச்சிருச்சுன்னா இனி கிளி வரும்.”

டின்னை எடுத்துக்கொண்டு வர அண்ணாச்சி உள்ளே போனார்.