(லேட்) வெயிலுமுத்து

பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘லேட்’ என்று போட்டால் என்ன அர்த்தம்? 1999இல் என்னைக் கேட்டிருந்தால் பதில் தெரியாது. எங்கள் எட்டாம் வகுப்பில் யாருக்குமே தெரியாது. எங்களுக்குத் தெரியாது என்பது சுந்தரேஸ்வரி டீச்சருக்குத் தெரியாது.

டீச்சருக்கு இருபத்து மூன்று வயது. தற்காலிக வேலை. கடம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். உட்கார்ந்து பாடம் நடத்தியதே இல்லை. ஜன்னலுக்கும் போர்டுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். அடைப்புக்குறி நடத்தியபோது புத்தகத்து உதாரணம் அவருக்குப் பிடிக்கவில்லை. மேஜையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, ‘(லேட்) சோலைச்சாமி’ என்று எழுதினார்.

“இது பேரு இல்ல, பேருக்குரியவங்களப் பத்தின தகவல். அதான் ரெண்டு பக்கமும் வேலி” என்றார். மணி அடித்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், எங்கள் வகுப்பு மாரிசெல்வி கோவில்பட்டியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க டீச்சர் முன்னால் வந்து நின்றாள். எங்கள் பள்ளியில் எட்டாவது வரைதான். அங்கே விடுதியில் இடம் கிடைத்தால் ஒன்பதாவது படிக்கலாம். இல்லாவிட்டால் ஆடு மேய்க்க வேண்டியதுதான். விண்ணப்பம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

“டீச்சர், இறப்புச் சான்று கேக்காவ. யாருக்கு வாங்கணும்?”

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். தந்தை பெயர்: (லேட்) வெயிலுமுத்து.

“ஏட்டி, உங்கப்பா எங்க?”

“ஆடு பத்திட்டுப் போயிருக்காவ. தெனமும் லேட்டாத்தான் வருவாவ. அதான் போட்டிருக்கேன்லா.”

டீச்சர் அவளை இழுத்துக்கொண்டு, பருத்தி எடுத்த கரிசல் காட்டுக்குள் ஓடினார். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உடைமர நிழலில் ஆடுகளோடு நின்றார் வெயிலுமுத்து. டீச்சர் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார்.

“என்னைய எப்ப டீச்சர் சுடுகாட்டுக்கு எடுத்தீங்க? ஒரு வார்த்த சொல்லிருந்தா நானும் வந்திருப்பேன்லா.”

“தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. அஞ்சு மணிக்குள்ள நீங்க வந்து நிக்கணும்.”

கம்பை மகள் கையில் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். ஆட்டைப் பார்த்தபடி மாரிசெல்வி நின்றதை டீச்சர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இந்தக் கம்பு இவள் கையிலேயே தங்கிவிடுமோ என்று நடையை எட்டிப் போட்டார். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. எங்கே போடணும்னு சொன்னேன், என்ன அர்த்தம்னு சொல்லலையே என்று அதையே நினைத்துக்கொண்டு நின்றார்.

அலுவலகத்தில் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். “இவிய யாரு?”

“நாந்தான்யா அந்த லேட்டு” என்றார் வெயிலுமுத்து.

கிளார்க்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “யாரும்மா இப்படிச் சொல்லிக் கொடுத்தது?”

“நான்தான் சார்.”

அடைப்புக்குறியையும் உள்ளே இருந்ததையும் டீச்சர் அடித்தார். பக்கத்தில் வெயிலுமுத்து எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழும்போது நாலே முக்கால். ஜூனில் மாரிசெல்வி விடுதிக்குப் போனாள்.

ஆனால் முத்திரை விழுந்த அன்று ராத்திரி டீச்சருக்குத் தூக்கமில்லை. மறுநாள் வந்ததும் வராததுமாக, மாற்றுச் சான்றிதழுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த தாள்களைப் புரட்டினார். இன்னும் மூன்று அப்பாக்கள் செத்துக் கிடந்தார்கள். அதில் ஒருவர் என் அப்பா. புதியம்புத்தூரில் தையல் வேலை, கடைசி பஸ்ஸில்தான் வருவார்.

இந்த வருஷமும் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதுவார்கள். பேனாவைக் கொடுக்கும் முன்னால் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.