மிளகாய்த்தூளுக்கு உள்ளே இடமில்லை

தவமலருக்குக் கோபமே வராது என்பது லண்டன் நோர்பரியில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்லும் கதை. கோயில் அன்னதானத்தில் யாரோ குழைய விட்ட சோற்றுக்கு அவள்மீது பழியைப் போட்டாலும், சிரித்துக்கொண்டு அடுத்த பானையை ஏற்றிவிடுவாள். பொறுமையில் பூமாதேவி என்பார்கள். பூமிதான் இடைக்கிடை நடுங்கி ஊரையே கவிழ்ப்பது என்பதை இந்தப் புகழ்ச்சிக்காரர் மறந்துவிடுவார்கள். போன நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அது நடந்தது. காரணம் ஒரு காகிதம்.

காகிதம் என்றால், வீட்டுப் புதுக் குசினியின், அதாவது சமையலறையின், வரைபடம். மகள் விதுஷா கணினியில் கீறி, வர்ணம் கொடுத்து, தன் அலுவலகத்தில் பெரிதாக அச்செடுத்து வந்திருந்தாள். பழைய குசினியை உடைத்து, பக்கத்துச் சுவரையும் எடுத்து, ஒரே பெரிய அறையாக்கியாகிவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு றஜீவ் வருவான். குசினி பொருத்துவது அவன் தொழில். காஸ் குழாயும் மின்வயரும் எங்கே வரவேண்டும் என்று சுவரில் குறிப்பான். குறித்து வெட்டிவிட்டால் பிறகு அழுதும் பயனில்லை.

தவமலர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நடுவில் வெள்ளைக் கல் மேடை. அதைச் சுற்றி நாலு உயர்ந்த கதிரைகள். கோப்பி மெஷினுக்கு ஒரு மாடம். வைன் கிளாஸ் அடுக்க ஒரு கண்ணாடி அலுமாரி. அந்த வீட்டில் வைன் குடிக்கிற பிறவி ஒன்றும் இல்லை. அடுப்புக்கு மேலே, புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஹூட், கடையில் இருந்ததிலேயே பலமானது.

"மிளகாய்த்தூள் எங்கை பிள்ளை வைக்கிறது?"

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் அகலமும் இல்லாத லாச்சியை, சின்ன இழுப்பறையை, விதுஷா காட்டினாள். "இது உப்பு, மிளகு, ஹேர்ப்ஸ் வைக்க, அம்மா."

"நான் மிளகாய்த்தூளைக் கேட்டனான்."

விதுஷாவின் விரல் வீட்டை விட்டு வெளியேறி, பின்வளவைக் கடந்து, காகிதத்தின் ஓரத்தில் இருந்த சின்னப் பெட்டியில் போய் நின்றது. பின்கொட்டில். "உங்கட சாமான் எல்லாம் வழக்கம்போல அங்கைதானே. றஜீவ் அண்ணை புது லைட் ஒண்டும் போட்டுத் தருவார்."

இந்தக் கொட்டிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் தவமலரைப் பற்றிச் சொன்னதாகாது. லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் பாதியில் குசினி இரண்டு. உள்ளே இருப்பது வருகிறவர்கள் பார்க்க. பின்வளவில் பலகையும் பிளாஸ்ரிக் கூரையுமாய் நிற்பது சமைக்க. மீன் பொரிப்பதும், தூளுக்கு மிளகாய் வறுப்பதும், கறி கொதிப்பதும் அங்கேதான். அந்தக் கொட்டிலில் தவமலர் இருபது வருடம் நின்றிருக்கிறாள். தை மாதக் குளிரில் வீட்டுச் சட்டைக்கு மேலே பழைய கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு கறி கிண்டியிருக்கிறாள். மழை பிடித்தால் தூள் கட்டிபட்டுவிடும். கரண்டியால் குத்திக் குத்தி எடுக்கவேண்டும். அவள் கடைசிச் சட்டியை இறக்குவதற்குள் உள்ளே சாப்பாடு தொடங்கிவிடும். சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே கேட்கும். என்ன பகிடி என்று கேட்டுக்கொண்டு அவள் உள்ளே வரும்போது பகிடி முடிந்திருக்கும்.

வீட்டை உடைத்துக் கட்டப்போகிறோம் என்று கணவர் யோகலிங்கம் சொன்ன நாளிலிருந்து அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இனி உள்ளே சமைக்கலாம். அவ்வளவுதான் கணக்கு. அதை வாய்விட்டுச் சொல்லாதது அவள் பிழை. சொல்லித்தான் தெரியவேண்டும் என்றிருந்தது மற்ற இருவரின் பிழை. எது பெரிய பிழை என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

"அப்ப உள்ளுக்கு என்ன சமைக்கிறது?" என்று கேட்டாள்.

"லேசான சமையல் எல்லாம் சமைக்கலாம், அம்மா."

"லேசான சமையலுக்கு ஏன் இவ்வளவு பெரிய ஹூட்?"

"அது லுக்குக்கு."

இந்த இடத்தில்தான் தவமலருக்குக் காது சுட்டது. புகை வருகிற இடத்தில் ஒரு விசிறிகூட இல்லை. இருபது வருடமாக வறுத்த மிளகாயின் நெடி முழுக்க அவளுடைய நெஞ்சுக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது. புகையே வராத இடத்தில் தொங்கப்போகிறது புகை உறிஞ்சும் இயந்திரம், அழகுக்கு!

அவளுக்குக் குசினி தெரியாதா? பத்தொன்பது வருடமாக ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. நாளுக்கு முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அந்தக் குசினியைத் திருத்தியபோது, பொறுப்பாய் இருந்த வெள்ளைக்காரி இவளைத்தான் நடுவில் நிறுத்தி, கையை நீட்டு, திரும்பு, இரண்டடி வை என்று சொல்லித் தரையில் டேப் ஒட்டி அளவெடுத்தாள். பிறத்தியார் குசினிக்கு யோசனை சொன்னவளிடம் சொந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை.

அவள் கத்தவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த டேப்பை எடுத்து வந்தாள். வெறும் சீமெந்துத் தரையில் குனிந்து, வரைபடத்தில் உள்ள அளவுப்படி அடுப்பு, மேடை, தொட்டி என்று எல்லாவற்றையும் ஒட்டினாள். பிறகு முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோப்பா, ஒருக்கா வாங்கோ. பருப்புக்கறி வையுங்கோ."

"என்ன பகிடியே? அடுப்பே இல்லை."

"இதுதான் அடுப்பு. இதுதான் சட்டி. பருப்பு அவியுது. மஞ்சளைப் போடுங்கோ."

யோகலிங்கம் சிரித்தார். மஞ்சள் எங்கே என்று பார்த்தார். மஞ்சள் கொட்டிலில். வெளியே மழை. வீட்டுச் செருப்பைக் கழற்றி, சப்பாத்தைப் போட்டு, போய், எடுத்து வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"இனித் தாளிக்கவேணும். கடுகு."

மறுபடியும் சப்பாத்து. கடுகு வந்தது.

"பெருஞ்சீரகம்."

"முதலே சொல்லியிருக்கலாமே!"

"அடுப்பில எண்ணெய் புகையுது. ஓடுங்கோ."

நாலாவதாகச் செத்தல் மிளகாய்க்குப் போனபோது, சோம்பலில் சப்பாத்துப் போடாமல் போனார். திரும்பி வந்தபோது இரண்டு காலுறையும் சேறு. சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.

"எல்லாத்தையும் ஒரேயடியாத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன?" என்றார் எரிச்சலோடு.

"அங்கை இருக்கிற பதினேழு போத்திலையும் மடியில கட்டிக்கொண்டோ?"

"அப்ப உள்ளுக்கே வைச்சால் முடிஞ்சுதே! எந்த விசரன் இதை வெளியில வைச்சவன்?"

தன் வாயிலிருந்து வந்த கேள்விக்குத் தானே பதில் என்று தெரிந்ததும் யோகலிங்கம் காலுறையைக் கழற்றுவதில் மும்முரமாகிவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

விதுஷாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அம்மா, இது ஓபன் பிளான். மணம் வீடு முழுக்கப் போகும். என்ர ஃபிரெண்ட்ஸ் வருவினம். என்ர கோட்டெல்லாம் கறி மணக்கும்!"

கோட்டு என்ற சொல் விழுந்ததும் தவமலர் நிமிர்ந்தாள்.

"ஏழு வயசில ஒரு நாள் பள்ளிக்கூடத்தால அழுதுகொண்டு வந்தாய். உன்ர கோட்டு மணக்குது எண்டு ஒரு பிள்ளை சொன்னதாம். பக்கத்தில இருக்கமாட்டன் எண்டதாம். அண்டைக்கு நீ சாப்பிடேல்லை. அந்தக் கிழமைதான் அப்பா கொட்டில் அடிச்சவர். கொஞ்ச நாளைக்கு எண்டுதான் அடிச்சவர். ஞாபகம் இருக்கோ?"

விதுஷா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். உண்மையைத்தான் சொன்னாள்.

"இல்லையே அம்மா. எனக்கு ஞாபகமே இல்லை."

மகள் மறந்தே போனாள்! அவள் ஓர் இரவு அழுததற்காக இந்த மனுசி இருபது மாரியைக் கொட்டிலில் கழித்திருக்கிறாள். தவமலருக்கு மகளை அடிக்கவேண்டும்போல இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"உனக்காகத்தான் நான் வெளியில போனனான்," என்றாள். குரல் உயர்ந்தது. அந்த வீட்டுச் சுவர்கள் அவளுடைய அந்தக் குரலைக் கேட்டதில்லை. "ஒருத்தரும் என்னைத் துரத்தேல்லை. நானே போனனான். நீ வளந்திட்டாய், படிச்சிட்டாய், பிளானும் கீறுறாய். அந்தப் பிளானில கோப்பி மெஷினுக்கு வீட்டுக்குள்ள இடம் இருக்கு. ஒருத்தரும் குடிக்காத வைனுக்கு இடம் இருக்கு. எனக்குக் கொட்டில். அதுக்கு ஒரு லைட்! போதும். நான் உள்ளுக்கு வாறன். ஆரும் மறிக்கிறதெண்டால் இப்ப மறியுங்கோ."

ஒருவரும் மறிக்கவில்லை. யோகலிங்கம் வெறுங்காலோடு நின்று தரையைப் பார்த்தார். விதுஷா வரைபடத்தைச் சுருட்டவும் தெரியாமல் விரிக்கவும் தெரியாமல் வைத்திருந்தாள். தவமலர் வைன் அலுமாரி இருந்த இடத்து டேப்பைக் கிழித்தெடுத்து உருட்டி எறிந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல, இரண்டு முழம் தள்ளி, மேடைக்குக் கீழே, அகலமான ஒரு சதுரத்தை ஒட்டினாள். அன்று பின்னேரம் முழுக்க அவள் மழைக்குள் போய்வந்துகொண்டே இருந்தாள். ஏனென்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு றஜீவ் வந்தான். கையில் இருந்த வரைபடத்தையும் தரையில் இருந்த டேப்பையும் மாறிமாறிப் பார்த்தான். சதுரத்துக்குள் பதினேழு போத்தல்கள் வரிசையாக நின்றன.

"அக்கா, பிளான் மாறிட்டுதோ?"

"ஓம் தம்பி. இதில ஆழமான லாச்சி ஒண்டு வேணும். இந்தப் போத்தில் எல்லாம் நிமிந்து நிக்கவேணும். மூடியில பேர் எழுதி ஒட்டுவன், மேலால பாக்கத் தெரியும். அடுப்பு வெக்கை பட்டால் தூள் நிறம் செத்துப்போகும், அதுதான் தள்ளி வைச்சனான்."

"சரியான இடம், அக்கா. ஹூட்?"

"அது இருக்கட்டும். இனித்தான் அதுக்கு வேலை."

"அப்ப பின்கொட்டிலுக்கு லைட் வேண்டாமோ?"

"வேணும். ஒரு நீளக் கம்பியும் அடிச்சு விடுங்கோ, உயரமா."

"என்னத்துக்கு?"

தவமலர் பதில் சொல்வதற்குள் விதுஷா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். கொளுக்கிகள் வெறுமையாக இருந்தன.

"அம்மா, என்ர கோட்டு எங்கை?"

தவமலர் போத்தல்களிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்கதவைக் காட்டினாள்.

"மணக்கக்கூடாத சாமான் எல்லாம் இனி அங்கைதான்."

விதுஷா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிக் கொட்டிலுக்கு நடந்தாள்.