அசையாதை குலத்தார்

தொண்ணூறுகளில், ஜெர்மனியின் எசன் நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களுக்குப் பட்டியல் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இலங்கையின் வன்னிக் காட்டை ஆராயப் போன ஜெர்மன்காரர் ஒருவர், தான் படமெடுத்த பதினொரு பேரின் பெயரையும் 'அசையாதை' என்றே குறித்திருந்தார். ஒரே குலமாம்.

'அது பெயரில்லை, படம் கலங்காதிருக்க அவருடைய மொழிபெயர்ப்பாளர் "அசையாதே" என்று போட்ட அதட்டல்' என்று திருத்தம் எழுதி, கீழே என் பெயரும் வர வேண்டுமென்று இயக்குநரிடம் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்தார். "நல்ல காலம், வாயை மூடு எண்டு சொல்லேல்லை! உன்ரை பேர் வருமோ, பிள்ளை?"

"வராமல் என்னம்மா!"

அடுத்த வாரம் பட்டியலில் குலப்பெயர் அசையாமல் இருந்தது. அடிக்குறிப்பு மட்டும் புதிது: 'உள்ளூர்ப் பெண்ணொருத்தியின் ஊகம்.'

உள்ளூர் என்பது சரிதான். ஆறு வயதிலிருந்து நான் எசன்காரி.