பின் சீட்டுக்கு ஒரு ஸ்பிரிங்

கார் கதவுக்கு மேலே உட்புறம் ஒரு கைப்பிடி இருக்குமே, அதை இறுகப் பற்றியிருந்த என் மாமனாரின் கைதான் முதலில் என் கண்ணில் பட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டே நடுக் கண்ணாடியில் பார்த்தேன். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. சேரன்மகாதேவிக்கு முன்னால் வரிசையாக வரும் வேகத்தடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். மாமா கண்களை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முதுகு வலிக்குதா மாமா?" என்று கேட்டேன். "இல்ல தாயி, காத்து நல்லா வருது, கண்ண மூடிருக்கேன்" என்றார்.

அது அமாவாசை நாள். அத்தை இறந்த பிறகு மாமா ஒவ்வோர் அமாவாசைக்கும் பாபநாசம் போய் ஆற்றில் முங்கி எழுந்து வருவார். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆன பிறகும் அதை விடவில்லை. என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை என்பதால் கார் ஓட்டுவது என் பொறுப்பு. அன்று பாபநாசத்தில் அவரால் தானாக இறங்க முடியவில்லை. பூ விற்கும் அம்மாளும் நானும் ஆளுக்கொரு கை பிடித்து இறக்கினோம். படித்துறையில் உட்கார்ந்தபடியே செம்பில் தண்ணீர் மோந்து தலையில் ஊற்றிக்கொண்டார். ஆறு காலடியில் நிறைந்து ஓட, அதில் முங்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் வண்டியின் பின்பக்கத்துக்குக் கடினமான ஸ்பிரிங்குகளை மாட்டியிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு டிராக் ரேஸ் பழக்கம். நேர்கோட்டில் இரண்டு கார்கள் நிற்கும். விளக்கு பச்சையானதும் பாய வேண்டும். யார் முதலில் எல்லையைத் தொடுகிறார்கள் என்பதுதான் போட்டி. அதற்கென்று தனி வண்டி வைத்துக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை. காய்கறி வாங்கவும், மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும், போட்டியில் ஓடவும் ஒரே கார். சொந்தக்காரர்கள் சிலர் மாமாவிடம் வந்து, "மருமகள இப்படி விட்டுட்டீயளே" என்று குறைப்பட்டார்கள். வணிகவரித் துறையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். ஒரு சொல் பேசினால் பேச்சு அடங்கிவிடும். "நீரும் வேணும்னா போய் ஓடும் வே" என்று சொல்லி காபி கொடுத்து அனுப்பினார்.

என் கார் முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டி. நின்ற இடத்திலிருந்து பாயும்போது எடை பின்னால் சாயும், பின்பக்கம் அமுங்கும், மூக்கு மேலே தூக்கும். இழுக்க வேண்டிய முன் சக்கரங்கள் பிடி இல்லாமல் வெறுமனே சுழன்று புகையும். பின் ஸ்பிரிங் கடினமாக இருந்தால் வண்டி அந்த அளவுக்கு மூக்கைத் தூக்காது. எடை பின்னே போவதை எந்த ஸ்பிரிங்கும் முழுக்கத் தடுத்துவிடாது என்றாலும், இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு முழம் வித்தியாசம் வர அது போதும். ஆனால் அதே கடினம் சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் பின் சீட்டில் இருப்பவரின் முதுகில் கொண்டுபோய் இறக்கும்.

பாபநாசத்திலிருந்து வந்ததும் மாமா படுத்துவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு என் கணவர் போனில் சத்தம் போட்டார். "அப்பாவ விட ரேஸ் பெருசா?" என்றார். பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாக மாமாவிடம் போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் பையத் திரும்பினார்.

"யாரு கேட்டா அத? ஸ்பிரிங்குன்னா உலகத்துல ரெண்டே வகைதானா? நடுவுல ஒண்ணும் கிடையாதா?"

இருக்கிறது என்றேன்.

"பெறவென்ன? மாட்டிப் பாரு. நான் பின்னால இருந்து சொல்லுதேன்."

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்கு இருவருமாகப் போனோம். பட்டறைக்கார அண்ணாச்சி மூன்று ஜோடி ஸ்பிரிங்குகளை எடுத்து வைத்தார். ஒன்றை மாட்டுவார், மாமா பின்னால் ஏறிக்கொள்வார், சேரன்மகாதேவி சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவோம். அப்புறம் மாமாவை இறக்கிவிட்டு, பட்டறைக்கு அடுத்தே இருந்த, தெரிந்தவர் ஒருவரின் ரைஸ் மில்லில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து பார்ப்பேன். மாமா மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டயர் கீச்சிடும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வார்.

ஒரு ஜோடி மிருதுவாக இருந்தது. களத்தில் முன் சக்கரம் சுழன்று கருந்தடம் விழுந்தது. ஆனாலும் நான் இறங்கி வந்து, "இதுவே நல்லாத்தான் இருக்கு மாமா, பாய்ச்சல் போதும்" என்றேன். இன்னொரு ஜோடி கடினம். வண்டி கோடு போட்டாற்போலப் பாய்ந்தது. சாலையில் அதே ஜோடியோடு போய் வந்த மாமா, வேட்டியைச் சரிசெய்தபடி இறங்கி, "தொட்டில் மாதிரில்லா இருக்கு. இதையே போட்டுரு தாயி" என்றார். சொல்லும்போதே ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது.

அண்ணாச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். களத்தில் விழுந்திருந்த டயர்த் தடத்தைப் பார்த்தார். மாமாவின் இடுப்பைப் பார்த்தார்.

"எதுக்குங்கேன் ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பொய் சொல்லுதீய? பெட்ரோல்தான் வீணாப் போவுது" என்று சொல்லிவிட்டு, எங்களைக் கேட்காமலேயே நடுத்தரமான ஜோடியை எடுத்து மாட்டத் தொடங்கினார். மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அத்தை போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். வீட்டில் அதுவரை அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

மதுரைப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்தில் போட்டி. வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் மாமா கேட்கவில்லை. பந்தலுக்குக் கீழே, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் சுற்றில் வென்றேன். இரண்டாவது சுற்றில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தியை எதிர்த்து ஓடினேன். பச்சை விழுந்ததும் என் முன் சக்கரம் ஒரு கணம் தடுமாறியது. அந்த ஒரு கணத்தை எல்லைவரைக்கும் மீட்க முடியவில்லை. அவள் வண்டி போட்டிக்காக உள்ளே எல்லாவற்றையும் கழற்றி எறிந்த வண்டி.

திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினேன். தண்ணீர் பாட்டிலை நீட்டிய மாமா, ரகசியம் போலக் கேட்டார்.

"அந்தப் புள்ள வண்டியில பின் சீட்டே இல்லையாம்லா?"

"ஆமா மாமா."

"அப்போ அவ மாமனார் எதுல வருவாரு?"

கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அழுகை வர இருந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது மாமா இல்லை. பின் சீட்டில் உட்கார ஆள் இல்லாததால் போன போட்டிக்குக் கடினமான ஜோடியையே மாட்டினேன். வெற்றியும் கிடைத்தது. கோப்பை கூடத்தில் இருக்கிறது. ஆனாலும் யாராவது ரேஸைப் பற்றிக் கேட்டால் என் வாயில் முதலில் வருவது, தோற்றுத் திரும்பிய அந்தச் சாயங்காலம்தான்.

அன்று திரும்பும் வழியில், கோவில்பட்டி தாண்டியபோது பின்னால் பேச்சு நின்றிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மாமா தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. கயத்தாறில் சாலை கெட்டிருந்தது, அப்போதும் குறட்டை நிற்கவில்லை. பாளையங்கோட்டை வந்து, எங்கள் தெருவில் திரும்பி, வீட்டு வாசலில் நிறுத்தியும் எழவில்லை. எஞ்சினை அணைத்தால் விழித்துக்கொள்வாரோ என்று அப்படியே ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். மஸ்கட்டிலிருந்து போன் வந்தது.

"என்னாச்சு? ஜெயிச்சியா இல்லையா?" என்றார் என் கணவர்.

நான் போனை வாயோடு சேர்த்துக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னேன்: "பையப் பேசுங்க. மாமா தூங்குதாவ."