லைட் வருதா?

எட்டு மாதம் மேலதிகாரியிடம் மன்றாடி அந்தப் பெட்டியை வாங்கினேன். மன்றாடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டைதான் போட்டேன்.

ஜெய்ப்பூரிலிருந்து தில்லி துவாரகாவில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு மண்ணுக்கடியில் கண்ணாடி இழை வருகிறது. அதில் ஓடுவதெல்லாம் ஒளித் துடிப்புகள், இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். தூரம் போகப் போகத் துடிப்பு மங்கும், அகலும், பக்கத்துத் துடிப்போடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பூஜ்யம் ஒன்றாகவும் ஒன்று பூஜ்யமாகவும் தப்பாகப் படிக்கப்படும், அதுதான் பிழை. வழியில் இருக்கும் பெருக்கிகள் அதன் பலத்தைக் கூட்டும், கூடவே சேர்ந்த இரைச்சலையும் கூட்டும். தொண்டை கட்டியவன் முன்னால் மைக்கை வைத்த கதைதான். நான் கேட்ட பெட்டி வேறு ரகம். வந்தது ஒன்றா பூஜ்யமா என்று முடிவு செய்து, புத்தம்புதுத் துடிப்பாக எழுதி அனுப்பிவிடும். முழு வழிக்கும் அப்படி ஒன்று, நடுவில், போதும் என்பது என் கட்சி.

கடைசியில் அவர் ஒரே ஒரு காலை நேரம் தந்தார். பத்து மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டுக்குள் பிழை நிற்காவிட்டால் பெட்டியைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதன்பின் பேச்சே கிடையாது.

பாதி வழியில், நெடுஞ்சாலையோரத்து அறையில், எங்கள் டெக்னீஷியன் பெட்டியை மாட்டினார். அரியானாக்காரர், என் வயதுதான். அந்த அறையை இங்கிருந்து பார்க்கும் வசதி இன்னும் வரவில்லை. போன் ஒன்றுதான் துணை.

என் திரையில் ஒளியே இல்லை.

"பையா, லைட் ஆ ரஹீ ஹை?" என்று கேட்டேன். அண்ணா, லைட் வருகிறதா?

"ஹாங் ஜி மேடம், ஏக்தம் ஆ ரஹீ ஹை!" ஆமாம், நன்றாகவே வருகிறதாம்.

அங்கே ஒளி வந்து சேருகிறது, இங்கே வரவில்லை என்றால் கோளாறு பெட்டியில்தான். என் பெட்டியில்! ஒரு மணி நேரத்துக்கு மேல் அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னேன். நடுநடுவே எரிந்து விழுந்தேன். பாவம், அவரும் சொன்னதையெல்லாம் செய்தார்.

பதினொன்றரைக்கு மேலதிகாரி வந்து பின்னால் நின்றார். கோயம்புத்தூர்க்காரர், கோபத்தில்கூட மரியாதை குறையாது. "ஏனுங்க மேடம், பொட்டி வாயே தொறக்க மாட்டேங்குதுங்களே?"

"பத்து நிமிசம் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஆத்திரம் தாங்காமல் போனில் கத்தினேன்: "பையா, சச் போலோ, லைட் ஹை யா நஹீன்?" உண்மையைச் சொல்லுங்கள், இருக்கிறதா இல்லையா?

அவருக்கும் பொறுமை போய்விட்டது. "ஹை மேடம்! லைட் பீ ஹை, பங்க்கா பீ சல் ரஹா ஹை!"

லைட்டும் இருக்கிறதாம், மின்விசிறியும் சுற்றுகிறதாம்.

தில்லியில் லைட் என்றால் கரண்ட். ஒன்பது வருடமாக மயூர் விஹாரில் குடியிருக்கிறேன். கரண்ட் போனால் என் மகளே "லைட் சலீ கயீ" என்றுதான் கூவுவாள். அந்த மனிதர் காலையிலிருந்து கரண்ட் இருக்கிறது என்று சத்தியமாகச் சொல்லியிருக்கிறார், நான் இழையில் ஒளி வருகிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பெட்டிக்குள் போகவேண்டிய இழையில் இருட்டு. பக்கத்து இழையில் ஒளி கொட்டுகிறது! இரண்டும் இடம் மாறியிருந்தன. சீக்கிரம் மாற்றச் சொல்லி "பதலோ, பதலோ, ஜல்தி!" என்று கத்தியபோது நான் நாற்காலியில் இல்லை, எழுந்து நின்றிருந்தேன்.

திரை பச்சையானது. துடிப்புகள் வரைபடத்தில் வந்து விழுந்தன, தனித்தனியாக, கூர்மையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். இத்தனை வருடத்தில் அந்த இழையிலிருந்து இவ்வளவு சுத்தமான ஒளியை நான் பார்த்ததே இல்லை. பிழைக் கணக்கு பூஜ்யம். ஐந்து நிமிடம் கழித்தும் பூஜ்யம். பத்து நிமிடம் கழித்தும் அதேதான். மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

போனில் டெக்னீஷியன் குரல், சோர்ந்துபோய்: "மேடம், பாரா பஜ் கயே. நிகால் தூன்?"

பன்னிரண்டு ஆகிவிட்டது, கழற்றிவிடட்டுமா என்கிறார். பூஜ்யத்தைப் பற்றி அவருக்கு யாருமே சொல்லவில்லை!

"நஹீன்!" என்று நானும் மேலதிகாரியும் ஒரே குரலில் அலறினோம்.